மீன்முள்ளும் வலையும்: மட்டக்களப்பு நகர் வளர்ந்த வரலாறு

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டைகளைப் பற்றி எழுதுவர். கோயில்களைப் பற்றி எழுதுவர். ஆண்டவர்களின் பெயர்களை வரிசைப்படுத்துவர். வீதிகளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. நாள்தோறும் காலில் மிதிபடுவது கண்ணிற் படுவதில்லை போலும். ஆயினும் ஒரு நகரத்தில் நெடுங்காலம் நிலைத்து நிற்பது வீதியே. வீடு இடியும், கடை கைமாறும், அரசு மாறும், வீதியோ வெட்டிய இடத்திலேயே கிடக்கும். 1666இல் இலண்டன் மாநகரை நெருப்பு அழித்தபோது கிறிஸ்டோபர் ரென் முதலிய அறிஞர்கள் அகன்ற நேர் வீதிகள் கொண்ட புதிய நகரொன்றை வரைந்து அரசர் முன் வைத்தனர். நகரமோ பெரும்பாலும் பழைய வீதிக் கோட்டிலேயே மீண்டும் எழுந்தது. வீடுகள் சாம்பலாயின, காணி எல்லைகள் சாம்பலாகவில்லை. உடைமை அழியாதிருந்த இடத்தில் வீதியும் அழியாதிருந்தது.

ஆதலால் ஓர் ஊரின் வீதி எவ்வாறு அமைந்தது என்னும் கேள்வி, அவ்வூரில் நிலம் யார் கையில் இருந்தது, யார் நடந்தார், யார் வண்டியேறினார், யாருக்கு வழி விடப்பட்டது, யாருக்கு அடைக்கப்பட்டது என்னும் கேள்விகளோடு பிணைந்ததாகும். அக்கேள்விகளை மட்டக்களப்பு வாவிக் கரையில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவும் துறையும்

மட்டக்களப்பு வாவி கடற்கரைக்கு இணையாக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் அது கடலைச் சந்திக்கின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தை மக்கள் எழுவான்கரை என்றனர். வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல் நிலத்தைப் படுவான்கரை என்றனர். சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை என இவ்விரு பெயர்களிலேயே இந்நாட்டின் பூகோளம் அடங்கிவிடுகிறது. எழுவான்கரையில் தென்னையும் மீனும் நெசவும் வாணிகமும். படுவான்கரையில் நெல்லும் மாடும் தேனும். ஒன்றில்லாமல் மற்றொன்று வாழ்ந்ததில்லை.

இவ்விரு கரைகளுக்கும் நடுவே வாவியில் மிதக்கும் சிறு தீவே புளியந்தீவு. 1602இல் ஒல்லாந்தக் கடற்றளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கினார். அவர் கண்டியரசனோடு உறவாட வந்தவர். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638 மே மாதத்தில், இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. நெடுங்காலம் கச்சேரி இயங்கியதும் அக்கோட்டைக்குள்ளேதான்.

கோட்டை கட்டியவன் தீவை ஏன் தேர்ந்தான் என்பதை விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் நீர் இருப்பது அவனுக்குப் பாதுகாப்பு. பிறர் எளிதில் வந்து சேரக் கூடாது என்பதே அவன் நோக்கம். ஆனால் நகரமோ பிறர் வந்து சேர்வதாலேயே வாழ்வது. இம்முரண்பாடு மட்டக்களப்பின் பிறவியிலேயே அமைந்துவிட்டது. 1814இல் மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் இங்கு வந்து பள்ளி தொடங்கிய காலத்திலும் தீவுக்கு வெளியே இருந்த ஊர்கள் தோணியாலும் துறையாலுமே தீவோடு தொடர்பு கொண்டிருந்தன.

இங்கே ஒரு சொல்லை நாம் கவனித்தல் வேண்டும். பிற இடங்களிற் பாதை என்றால் நிலத்திற் செல்லும் வழி. மட்டக்களப்பிலோ வாவியைக் கடக்க மனிதரையும் வண்டியையும் மாட்டையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்குப் ‘பாதை’ என்று பெயர். பாதை வந்துவிட்டதா, பாதை அக்கரையில் நிற்கிறதா என்று மக்கள் கேட்பர். தரையில் வழி இல்லாத இடத்தில் மிதக்கும் பலகையையே வழியாகக் கொண்ட மக்களின் சொல் இது. மண்முனைத் துறை, குருக்கள்மடம்–அம்பிலாந்துறை, குறுமண்வெளி–மண்டூர் எனப் பாதைகள் ஓடிய துறைகளே இந்நாட்டின் பழைய சந்திகள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலுக்கும் மண்டூர் முருகன் கோயிலுக்கும் சென்ற அடியார்களும், அறுவடைக்குச் சென்ற கூலியாட்களும், நெல் மூட்டையும் கருவாடும் இத்துறைகளிலேதான் சந்தித்தனர்.

பாலங்கள் வந்த பின்

இருபதாம் நூற்றாண்டு பாலத்தோடு வந்தது. 1924இல் கல்லடியில் இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. அந்நாளைத் தேசாதிபதி வில்லியம் மானிங்கின் மனைவி பெயரால் அதற்கு லேடி மானிங் பாலம் என்று பெயரிட்டனர். பாடும் மீனின் ஓசை கேட்கும் இடமென்று கவிஞர்களும் பயணிகளும் புகழ்ந்த இடம் அதுவே. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை எட்டியது. பாலம் தெற்கிலிருந்த ஊர்களை நகரோடு பிணைத்தது. புகையிரதம் நகரைக் கொழும்போடு பிணைத்தது.

இவ்விரண்டின் விளைவாக நகரம் தீவை விட்டு வெளியேறத் தொடங்கிற்று. வடக்கே கோட்டைமுனை, தாண்டவன்வெளி, அமிர்தகழி, ஊறணி எனத் திருகோணமலை வீதியைப் பற்றிக்கொண்டு வீடுகள் பரவின. தெற்கே கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி எனக் கல்முனை வீதியைப் பற்றிக்கொண்டு ஊரோடு ஊர் ஒட்டிற்று. 1929இல் விபுலாநந்த அடிகள் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். பாலம் கட்டி ஐந்தே ஆண்டில் இது நிகழ்ந்ததென்பதை நோக்குக. வழி வந்த இடத்துக்குக் கல்வியும் வந்தது. 1967இல் மட்டக்களப்பு மாநகர சபையாயிற்று.

இவ்வளர்ச்சி எவ்வடிவில் நிகழ்ந்தது? எழுவான்கரை ஒடுங்கிய நிலம். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. நடுவே ஒரே நெடுஞ்சாலை. அச்சாலையிலிருந்து கடற்பக்கமாகவும் வாவிப்பக்கமாகவும் ஒழுங்கைகள் பிரிந்து சென்றன. பல ஒழுங்கைகள் மணலிலோ நீரிலோ பிறர் வேலியிலோ முடிந்தன. மேலிருந்து பார்ப்பவனுக்கு ஊர் ஒரு மீன்முள்ளைப் போலத் தோன்றும். நடுமுள் ஒன்று; இருபக்கமும் கிளைமுட்கள் பல. கிளைமுள் ஒவ்வொன்றும் நடுமுள்ளோடு சேரும். தமக்குள் அவை சேர்வதில்லை.

வாவியில் மீன் பிடிப்பவன் வேறொரு வடிவத்தையும் அறிவான். அது வலை. வலையின் ஒவ்வொரு முடிச்சிலும் நான்கு நூல்கள் கூடுகின்றன. ஓரிழை அறுந்தாலும் வலை பிரிந்துபோவதில்லை. பாரம் ஒரு நூலின் மேல் விழாமல் எல்லா நூல்களின் மேலும் பகிரப்படுகிறது. ஓர் ஊர் வலையாக வளர்கிறதா, மீன்முள்ளாக வளர்கிறதா என்பதே வீதித் தொடர்பு பற்றிய ஆராய்ச்சி முழுவதின் சாரம்.

எண்ணிப் பார்த்தால்

இந்த ஆராய்ச்சிக்கு மூலமான கணிதமும் ஒரு தீவு நகரத்திலேயே பிறந்தது என்பது நமக்குச் சுவை தரும் செய்தி. பிரெகெல் ஆற்றின் நடுவே தீவுகளையும் ஏழு பாலங்களையும் கொண்டிருந்தது கேனிக்ஸ்பேர்க் நகரம். ஒரு பாலத்தையும் இருமுறை மிதியாமல் ஏழு பாலங்களையும் கடந்து வர இயலுமா என்று அந்நகரத்தார் பொழுதுபோக்காகக் கேட்டனர். 1736ஆம் ஆண்டளவில் கணித மேதை ஒய்லர், இயலாது என நிறுவினார். நிலத்தின் பரப்போ பாலத்தின் நீளமோ இங்கு முக்கியமில்லை, ஓரிடத்தில் எத்தனை வழிகள் வந்து கூடுகின்றன என்பதே முக்கியம் என்று அவர் காட்டினார்.

இந்த எண்ணிக்கையைத் தமிழ் மொழி முன்னரே செய்து வைத்திருக்கிறது. மூன்று வழி கூடுவது முச்சந்தி. நான்கு வழி கூடுவது நாற்சந்தி. ஒரே வழி கொண்டு முடிந்துபோவது முடுக்கு. ஒரு நகரில் முடுக்குகள் மிகுந்தால் அதன் சராசரி எண் குறையும்; நாற்சந்திகள் மிகுந்தால் எண் கூடும். பாரிங்டன் லீ, மில்லார்ட் போல் என்னும் ஆய்வாளர் இருவர் இம்முறையில் 2015இல் அமெரிக்க நகரங்களை எண்ணி வெளியிட்டனர். இருபதாம் நூற்றாண்டு செல்லச் செல்ல அங்கே புதிய வீதிகள் மேலும் மேலும் தொடர்பற்றனவாக அமைந்து, 1994ஆம் ஆண்டளவில் அந்நிலை உச்சத்தை எட்டிப் பின்னர் சிறிது சீர்ப்பட்டதென அவர்கள் கண்டனர். 2020இல் உலகம் முழுவதையும் ஆராய்ந்தபோது, 1975இன் பின் உலகின் பல பாகங்களில் வீதித் தொடர்பு குறைந்து வந்துள்ளமையும், தென்கிழக்காசியாவில் அது மிகுதியாக இருப்பதும், யப்பான், தென் கொரியா, இலத்தீன் அமெரிக்காவின் பல பகுதிகள் ஆகியவற்றில் தொடர்பு நன்கு பேணப்பட்டமையும் தெரியவந்தன.

இலத்தீன் அமெரிக்காவின் நிலைக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1573இல் ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பு, தன் குடியேற்ற நகரங்கள் நடுச்சதுக்கமும் நேர் வீதிகளும் கொண்டு அமைய வேண்டுமெனச் சட்டம் விதித்தான். அடக்கியாளும் எண்ணத்தோடு விதிக்கப்பட்ட சட்டந்தான். எனினும் நானூறு ஆண்டு கழித்து அந்நகரத்து ஏழை நடந்து செல்ல வழி கிடைக்கிறது. வீதி அதை வெட்டியவனின் நோக்கத்தைவிட நெடுங்காலம் வாழ்வதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வடஅமெரிக்காவின் கதை வேறு. அங்கே முடுக்கு வசதி படைத்தோரின் விருப்பமாக வந்தது. 1929இல் நியூ ஜேர்சியில் ராட்பேர்ன் என்னும் குடியிருப்பை, மோட்டார் வண்டியின் ஆபத்திலிருந்து குழந்தைகளைக் காக்கவென முடுக்குகளோடு அமைத்தனர். அங்கே நடப்போருக்கெனத் தனி வழிகளும் இருந்தன. 1930களில் அரசாங்க வீடமைப்பு நிருவாகம் முடுக்கு முறையை ஊக்குவித்தது. பின்வந்த கட்டட வியாபாரிகள் முடுக்கை எடுத்துக்கொண்டனர், நடைவழியைக் கைவிட்டனர். கார் இல்லாதவன் வீட்டை விட்டு வெளியேற இயலாத புறநகரங்கள் அவ்வாறு பரவின.

முடுக்குக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெடுஞ்சாலையிலிருந்து 400 மீற்றர் செல்லும் இரண்டு ஒழுங்கைகள், ஒன்றுக்கொன்று 50 மீற்றர் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். இரண்டின் கடைசி வீட்டாரும் ஒருவர் வீட்டுச் சமையல் மணத்தை மற்றவர் நுகரும் தூரத்தில் இருக்கின்றனர். ஆனால் ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டுக்குச் செல்ல 400 மீற்றர் சாலைக்கு வந்து, 50 மீற்றர் கடந்து, மீண்டும் 400 மீற்றர் உள்ளே செல்ல வேண்டும். ஆக 850 மீற்றர். நேர் தூரத்தின் பதினேழு மடங்கு! குறுக்கே ஒரு சிறு வழி இருப்பின் 50 மீற்றரில் முடிந்திருக்கும். பள்ளி செல்லும் சிறுமியும், தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்ணும், நோயாளியைச் சைக்கிளிற் சுமக்கும் மகனும் இந்தப் பதினேழு மடங்கை நாள்தோறும் தம் உடலாற் செலுத்துகின்றனர். ஊரார் அனைவரும் ஒவ்வொரு சிறு தேவைக்கும் ஒரே நெடுஞ்சாலைக்கு வந்தாக வேண்டியிருப்பதால், அங்கே பஸ்ஸும் லொறியும் சைக்கிளும் குழந்தையும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

வளவு ஒழுங்கையான கதை

மட்டக்களப்பின் முடுக்குகள் அமெரிக்க முடுக்குகளைப் போல் வரைபடத்திற் பிறந்தவையல்ல. அவை குடும்பத்திற் பிறந்தவை. இந்நாட்டில் தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் தாய்வழிக் குடிமுறை நெடுங்காலம் நிலவிவருகிறது. மகளுக்கு மணம் நிகழும்போது வீடும் காணியும் அவளுக்கே சீதனமாகச் செல்லும். மருமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். பெற்றோர் அடுத்த மகளுக்காக அதே வளவில் வேறொரு வீடு கட்டுவர். பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு கூரையும் நிலமும் உண்டு என்பது இம்முறையின் பெருமை. இந்தியாவின் பல பாகங்களிலே பெண்ணுக்கு அது நெடுங்காலம் கிட்டவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் அப்பெருமை விளங்கும்.

ஆனால் வளவு வளர்வதில்லை. ஒரு வளவு மூன்று புதல்வியருக்குப் பிரியும்போது பின்வீட்டாள் சாலைக்கு வர முன்வீட்டின் ஓரமாக ஒரு நடைவழி விடப்படுகின்றது. அவளுடைய புதல்வியர் காலத்தில் அவ்வழி மேலும் உள்ளே நீள்கிறது. நான்கு தலைமுறை கழிந்தபின் அது ஒழுங்கை என்னும் பெயர் பெறுகிறது. கடைசிப் புதல்வியின் வாசலில் முடிந்தும் விடுகின்றது. பக்கத்து வளவிலும் இவ்வாறே ஓர் ஒழுங்கை வளர்ந்து மறுபக்க வேலியில் முட்டி நிற்கும். இவ்வாறாக இரண்டு ஒழுங்கைகளும் ஒரு வேலியின் இருபுறமும் முதுகு காட்டி நிற்கின்றன.

இதற்குப் பெண்களின் சொத்துரிமையைக் குறை கூறுவோர் காரணத்தை விட்டுக் காரியத்தைப் பிடிப்பவராவர். மணல் நிலத்தில் மக்கள் ஏன் இவ்வளவு நெருங்கினர் என்று கேட்க வேண்டும். படுவான்கரையின் வயல்களிற் பெரும்பங்கு போடிமாரின் கையில் இருந்தது. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத நிலத்தை அரசுக்குரியதாக்கிற்று. உழுதவனுக்கு வயலில் உரிமையில்லை. குடியிருக்கக் காட்டில் இடமில்லை. எஞ்சியது தாயின் வளவு ஒன்றே. சில சதுர கிலோமீற்றர் நிலத்தில் 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறக்குறைய 40,000 பேர் வாழ்ந்த காத்தான்குடி, இலங்கையின் மிக நெருக்கமான ஊர்களுள் ஒன்றானதற்கு இந்த நிலப் பஞ்சமே அடித்தளமாகும்.

பேர்ச்சுக் கணக்கு

வளவு பிரிந்து பிறந்த முடுக்கு ஒரு வகை. வியாபாரத்திற் பிறந்த முடுக்கு மற்றொரு வகை. நகரம் பரவும்போது அதன் ஓரத்திலுள்ள தென்னந்தோட்டங்களும் வயல்களும் துண்டு துண்டாக்கப்பட்டு வீட்டுக் காணிகளாக விற்கப்படுகின்றன. ஓர் ஏக்கர் 160 பேர்ச். சதுரமான ஓர் ஏக்கரின் ஒரு பக்கம் ஏறக்குறைய 209 அடி. அதன் நடுவே இருபதடி வீதி ஒன்றை ஓரெல்லையிலிருந்து மற்றோரெல்லை வரை வெட்டினால் 15 பேர்ச்சுக்குச் சற்று அதிகமாகச் செலவாகும். விற்பவன் கணக்குப் போடுகிறான். வீதியின் கடைசி ஐம்பதடியை வெட்டாமல் வீட்டுத் துண்டோடு சேர்த்துவிட்டால் மூன்றரைப் பேர்ச்சுக்கு மேல் மிச்சமாகும். அம்மிச்சத்துக்கு விலை உண்டு. தொடர்புக்கு விலை இல்லை. எல்லைவரை சென்ற வீதியாற் பயன் பெறுபவன் அடுத்த காணிக்காரனும் ஊராருமே. அடுத்த காணிக்காரனும் இதே கணக்கைப் போடுகிறான். முடிவில் மூன்றரைப் பேர்ச் இலாபத்துக்காக இரண்டு வீதிகள் ஒரு மதிலின் இருபுறமும் என்றென்றைக்குமாக அடைபட்டு நிற்கின்றன.

தனி மனிதன் ஒவ்வொருவனும் தன் இலாபத்தைச் சரியாகவே கணக்கிட, ஊர் முழுவதும் நட்டப்படுவது எங்ஙனம் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டுத் தேடிக் காண்பது அரிது. சட்டம் இல்லாமலில்லை. 1915ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 1946ஆம் ஆண்டு நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டம், 1978ஆம் ஆண்டு நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் என மூன்று படிகள் உண்டு. வீதி எத்தனை அடி அகலம் இருக்க வேண்டுமென்று அலுவலகம் கேட்கும். அவ்வீதி எங்கே போய்ச் சேர்கிறது என்பதே ஊரார் கேட்க வேண்டிய கேள்வி. அகலமான முடுக்கும் முடுக்கே.

பணக்காரனின் முடுக்கும் ஏழையின் முடுக்கும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். முன்னது அந்நியன் உள்ளே வராதிருக்க அமைந்தது. பின்னதிலோ நோயாளர் வண்டியும் தீயணைப்பு வண்டியும் நுழைய முடிவதில்லை. மழைக்காலத்தில் இவ்வேறுபாடு இன்னும் கசப்பாகத் தெரியும். வீதி செல்லும் இடத்திலேதான் வடிகாலும் செல்லும். முடிந்துபோன ஒழுங்கையில் நீரும் முடிந்துபோகிறது. வாவிக்கு வழிவிட்டிருந்த தாழ்நிலங்களை மண் போட்டு நிரப்பி வீடுகள் எழும்போது அந்நீர் வீடுகளுக்குள்ளே புகுகிறது. 2011 ஜனவரியிற் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த வெள்ளத்தை இந்நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள்.

போரும் அலையும்

வழி அடைபடுவதன் முழுப் பொருளையும் மட்டக்களப்பு மக்கள் போரிற் கற்றனர். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டவர் விடுதலைப் புலிகளின் கையால் மாண்டனர். சில நாள்களின் பின் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். செப்டம்பர் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் தமிழர் நூற்றுக்கு மேற்பட்டவர் படையினரின் கையால் மாண்டனர். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல் வாழ்ந்தவர்கள் என்று இரு சமூகத்தாரும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட நாட்டில் இவை நிகழ்ந்தன. கலந்து வாழ்ந்த குடும்பங்கள் தத்தம் சமூகத்தாரின் ஊர்களுக்குள் ஒதுங்கின. படுவான்கரையிலிருந்து வெளியேறிய முஸ்லிம்கள் ஏற்கனவே நெருங்கியிருந்த ஊர்களில் மேலும் நெருங்கினர். வீதியால் ஒட்டியிருந்த ஊர்கள் மனத்தால் முடுக்குகளாயின.

2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் ஆட்சியிலும் எழுவான்கரை அரசின் ஆட்சியிலும் இருந்தன. வாவி எல்லைக்கோடாயிற்று. நெல்லும் மீனும் சந்தித்த துறைகள் சோதனைச் சாவடிகளாயின. பாதைக்குக் காத்து நின்ற உழவன் தன் அடையாள அட்டையைக் கையிற் பிடித்துக்கொண்டு நின்றான்.

2004 டிசம்பர் 26 காலையில் மற்றொரு பாடம் வந்தது. நாவலடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணற்றிட்டு. அலை முன்னே வந்தது; பின்னே வாவி கிடந்தது. ஓட நினைத்தவனுக்கு நிலத்தின் நீளப்போக்கில் அன்றித் திசையில்லை. அவ்வூரில் எத்தனையோ குடும்பங்கள் பூண்டோடு அழிந்தன. கடலின் சீற்றத்தை எவரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் வாவியைக் கடக்க ஒரு நடைபாலம் இருந்திருந்தால் என்று எண்ணாத நெஞ்சம் உண்டோ? வீதித் தொடர்பு என்பது வசதி பற்றிய பேச்சன்று, உயிர் பற்றிய பேச்சு என்பதை அன்றைய காலை சொல்லிற்று.

அதன்பின் அரசு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலிற் கூறிப் பின்னர் அவ்வெல்லையைத் தளர்த்தியது. நாவலடி மக்கள் பலருக்கு நகரின் வடக்கே திராய்மடுவில் வீடுகள் வழங்கப்பட்டன. வீடு கிடைத்தது, ஆனால் தோணி ஒரு கரையில், வலை ஒரு கரையில், வாழ்க்கை ஒரு கரையில் என்றானது. வீட்டை மட்டும் எண்ணி வழியை எண்ணாத திட்டம் நகரைப் பரப்புகிறது; மனிதரைச் சேர்ப்பதில்லை.

நற்செய்திகளும் உண்டு. 2013இற் கல்லடியில் யப்பானிய உதவியோடு புதிய பாலம் திறக்கப்பட்டது. ஒரு வண்டி செல்ல மறுவண்டி காத்து நின்ற பழைய பாலம் ஓய்வு பெற்றது. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. 210 மீற்றர் நீளமுள்ள அப்பாலம் எழுவானையும் படுவானையும் நடுவிற் பிணைத்தது. அதற்கு முன் வாவியைத் தரைவழியே கடக்க விரும்பியவர் வடக்கே வலையிறவுக்கோ தெற்கே பட்டிருப்புக்கோ செல்ல வேண்டியிருந்தது. நடுவில் இருந்த கர்ப்பிணியும் பாம்பு கடித்தவனும் பாதை வரும்வரை காத்திருந்தனர். ஒரு புதிய இணைப்பு எத்தனை சுற்றுவழியை ஒழிக்கும் என்பதற்கு ஒய்லரின் கணிதம் வேண்டியதில்லை. கொக்கட்டிச்சோலைத் தாய் ஒருத்தியைக் கேட்டாற் போதும்.

செய்யத் தக்கது

பெரிய பாலம் பெரிய மனிதர் வந்து திறப்பதற்கு உகந்தது. இரண்டு ஒழுங்கைகளை இணைக்கும் ஐம்பது மீற்றர் வழியைத் திறக்க எவரும் வருவதில்லை. ஆனால் மட்டக்களப்புக்கு இனி வேண்டுவது பெரும்பாலும் அத்தகைய சிறு வழிகளே.

1915ஆம் ஆண்டளவிற் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்த ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் ஒரு கருத்தை வற்புறுத்தினார். நெருங்கிய பழைய ஊரின் நடுவே அகன்ற வீதியை வெட்டி நூறு வீடுகளை இடிப்பது மூட வைத்தியம். பாழடைந்த ஒரு சுவரை அகற்றி, வெறுமையாய்க் கிடக்கும் ஒரு துண்டு நிலத்தைத் திறந்து, முடுக்கை முடுக்கோடு சேர்த்தால் குறைந்த செலவில் ஊர் மூச்சு விடும் என்றார் அவர். காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் கல்லடிக்கும் இதனினும் பொருத்தமான அறிவுரை வேறில்லை.

ஆகவே, மாநகர சபையும் பிரதேச சபைகளும் புதிய காணித் துண்டாடலுக்கு அனுமதி வழங்குமுன், உள்வீதி அடுத்த காணியின் எல்லையைத் தொட வேண்டும் என்று விதித்தல் வேண்டும். மூன்றரைப் பேர்ச் இலாபம் தனி ஒருவனுக்கும் நிரந்தர முடுக்கு ஊருக்கும் என்னும் பங்கீடு ஒழிய வேண்டும். பழைய ஊர்களில் எந்த இரு ஒழுங்கைகளை இணைக்கலாம் என்று அவ்வூரார் கூடித் தீர்மானித்து, காணி விடுவோருக்குத் தக்க ஈடு கொடுத்தல் வேண்டும். வழி திறக்கும் இடமெல்லாம் வடிகாலும் திறக்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருப்போர் ஆபத்தில் வாவியைக் கடக்கத் தகுந்த இடங்களில் நடைபாலங்கள் வேண்டும். தமிழூரும் முஸ்லிமூரும் தொடும் எல்லைகளில், நெடுஞ்சாலை ஒன்றை மட்டும் நம்பியிராமல், சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் குறுக்கு வீதிகள் பலவாக வேண்டும். ஒரே சாலையில் மட்டும் சந்திப்பவர்கள் வாகனங்களில் ஒருவரையொருவர் கடந்து போவர். பல ஒழுங்கைகளிற் சந்திப்பவர்களே அயலாராவர்.

இவற்றுள் ஒன்றேனும் கோடி கோடியாகச் செலவு கேட்பதன்று. வேலியை ஓரடி தள்ளிப் போட மனமும், தள்ளிப் போடச் சொல்லும் அதிகாரத்தை ஏழையின் பக்கம் நின்று செலுத்தும் துணிவுமே இங்கு வேண்டுவன. நாம் இன்று வெட்டும் வீதி நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் நடக்கப்போகும் வீதி. இன்று அடைத்தால் என்றும் அடைத்ததே.

தரையில் வழியில்லாத காலத்தில் இந்நாட்டு மக்கள் நீரின்மேல் மிதந்த பலகைக்குப் பாதை என்று பெயரிட்டு இரு கரைகளையும் ஒன்றாக்கி வாழ்ந்தனர். அவர்களுடைய சந்ததியார் தரையிலே, பக்கத்து வேலிக்கு அப்பால், ஐம்பது மீற்றரில் ஒரு பாதையைத் திறக்க இயலாதவர்களா? மீன்முள்ளை வலையாக்கும் வேலை இவ்வாவிக் கரையினருக்குப் புதிதன்று. முடிச்சுப் போடத் தெரிந்த கைகள் இங்கே ஏராளம். முதல் முடிச்சை எந்த ஒழுங்கையிற் போடுவது என்று ஊர் கூடித் தீர்மானிக்கட்டும்.